எனக்குப் பதில் நீ எடுத்த எக்ஸ்ரே

சிநேகிதிக்கு,

எக்ஸ்ரே அறைக்கு எனக்குப் பதில் நீ போக முடியுமா என்று கேட்டபோது, காரணத்தை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். "ஏண்டி, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று கட்டிக்கொண்டாய்.

நம் கால்நடை மருத்துவமனையில் பத்து மருத்துவர்களில் ஒன்பது பேர் பெண்கள். தலைமை மருத்துவரான நீ, சம்பள உயர்வோடு வரும் அறுவைப் பிரிவுப் பொறுப்பை அந்த ஒரே ஆணுக்குக் கொடுத்திருக்கிறாய். அவருக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். அவரே சங்கடத்தோடு வந்து சொன்னார்: "அக்கா, நீங்க ரொம்ப நாள் லீவுல போகப் போறீங்களாமே. மேடம்தான் சொன்னாங்க."

நேற்று முதல்முறையாக வயிற்றுக்குள்ளே ஓர் அசைவு தெரிந்தது. பழக்கத்தில் உன்னிடம் சொல்ல ஓடிவந்து, கதவருகே நின்று திரும்பிவிட்டேன். தையல் பிரிக்க வந்திருந்த பூனையிடம் சொன்னேன். அது யாரிடமும் சொல்லாது.

உன்னோடு ஐந்தாண்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்