ஏரிக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு, பொற்கொடி வணக்கத்துடன் எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? அப்பா வேளைக்கு மாத்திரை போடுகிறாரா? போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய், அதனால்தான் கடிதம்.

புது வேலை பரவாயில்லை. வீடுதான் அமையாமல் இழுத்தது. கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, சென்னைக்கு வெளியே, நல்ல வீடு ஒன்று பார்த்திருந்தேன். வீட்டுக்காரர் அப்பாவுக்குப் போன் போட்டு, “ஆவூர்ல எந்தத் தெரு?” என்று கேட்டிருக்கிறார். மகளுக்கு வீடு அமைகிற சந்தோஷத்தில் அப்பாவும், “காலனிதாங்க” என்றிருக்கிறார். மறுநாளே வீடு இல்லை என்றுவிட்டார்கள். அங்கே உப்புத் தண்ணீர், நான்தான் வேண்டாமென்றேன் என்று அப்பாவிடம் சொல்லிவிடு.

இப்போது ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு பிடித்திருக்கிறேன். மழைக்காலத்தில் வாசல்வரை தண்ணீர் ஏறுமாம். பஸ்ஸுக்கும் நெடுந்தூரம் நடக்க வேண்டும். இருக்கட்டும். அந்த வீட்டம்மாவும், “உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசணுமே” என்றார்கள். அப்பா இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுகிறேன். ஒரு போர்வையும் மிளகாய்த்தூளும் எடுத்துக்கொண்டு நீ மட்டும் வா. பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

வரும்போது தலையில் பூ வைத்துக்கொள்ளாதே அம்மா.

பொற்கொடி