கும்மிக்கு ஒரு மணி நேரம்

ஐப்பசி 9, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. புது நோட்டு. என் பெயரை நான்கு முறை எழுதினேன். நான்காவது நேராக வந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. தினமும் கொஞ்சம் எழுதச் சொல்லியிருக்கிறார் முதியோர் வகுப்பு டீச்சரம்மா. யாருக்கும் காட்ட வேண்டாமாம்.

எழுதிப் பழக, மருமகள் கவிதாவின் வேலைகள்: பால். சோறு. பேத்தி யாழினிக்குச் சடை. பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது. ஒன்பது மணிக்கு பிரஸ். மத்தியானம் துணி. மறுபடி பிரஸ். யாழினிக்கு வீட்டுப்பாடம். மறுபடி சோறு. பக்கம் தீர்ந்துவிட்டது.

பிரஸ் என்பது வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் இருக்கும் மெஷின். மோட்டாருக்குள் போகும் தகடு வெட்டுவது. மகன் செந்தில் பகலில் கம்பெனிக்குப் போய்விடுவான். மெஷின் கவிதாவின் பொறுப்பு.

ஒரு மாதமாகச் சாயந்திரம் ஒரு மணி நேரம் கோயில் மைதானத்தில் வள்ளி கும்மி ஆட்டம் கற்றுக்கொள்கிறாள். பாதி நாள் போக முடிவதில்லை. ஞாயிறு அரங்கேற்றம்.

"இந்த வாரம் ஒரு நாள் உட்டாலும் கும்மி வாத்தியாரு பேரை எடுத்துப்போடுவாராமுங்க மாமா."

"நீ போ அம்மணி. யாழினியை நான் பாத்துக்கறேன்."

கல்யாணமாகி ஒன்பது வருஷம். தனக்கென்று அவள் கேட்டது இது ஒன்றுதான்.

ஐப்பசி 10, செவ்வாய்

மழை. கரண்ட் இரண்டு மணி நேரம் இல்லை. தகடு பாக்கி விழுந்துவிட்டது. ஆனாலும் கும்மிக்குப் போனாள். திரும்பி வந்தவள் முகத்தில் கல்யாணப் பெண் களை. "கால் நோவுது, ஆனா ஒடம்பு பஞ்சாட்டம் இருக்குதுங்க மாமா." சாப்பிட உட்கார்ந்தவள் கையில் பிசைந்த சோற்றோடு தூங்கிப்போனாள். யாழினி என்னைப் பார்த்துச் சிரித்தது. "அம்மா வாயைத் தொறந்துட்டுத் தூங்குது பாருங்க அப்பாரு."

செந்தில் சிரிக்கவில்லை. எழுந்து கொட்டகைக்குப் போனான். ஏதோ செய்துவிட்டு வந்து அவள் தோளைத் தொட்டான். "நாளையிலிருந்து ஒரு மணி நேரம் முன்னாடியே முடிஞ்சுரும். கும்மிக்கு நிதானமாப் போ."

நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி 11, புதன்

மூட்டம். இன்று ஒரு பெரிய காரியம். மெஷின் மேல் சிவப்புத் தகடு ஒன்று ஆறு வருஷமாக இருக்கிறது. எனக்கு அது வெறும் சிவப்புதான். இன்று எழுத்தாகத் தெரிந்தது. தடுக்காமல் சத்தமாகப் படித்தேன். "இரண்டு பொத்தான்களையும் இரண்டு கைகளாலும் அழுத்தவும்."

கவிதா கைதட்டினாள். நானும் சிரித்தேன். பிறகு பொத்தான்களைப் பார்த்தேன். வலது பக்கப் பொத்தானில் அவள் கை. இடது பக்கப் பொத்தானைச் சைக்கிள் டியூப்பைச் சுற்றி அழுத்திக் கட்டியிருந்தது.

செந்தில் செய்தது இதுதான். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால்தான் வெட்டும் அச்சு மேலிருந்து இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்க அந்த ஏற்பாடு. இப்போது இடது கைக்கு வேலை இல்லை. அது உள்ளே போய்த் தகடு வைக்கிறது, எடுக்கிறது. வேகம்தான்.

"ஏன் அம்மணி, எழுதியிருக்குதே?"

"அது புதுசா வாரவிங்களுக்குங்க மாமா. எனக்குக் கண்ணை மூடிட்டே வரும்."

அவள் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஐப்பசி 12, வியாழன்

வெயில். பக்கத்துப் பட்டறை பழனிசாமி டீ குடிக்க வந்தார். டியூப் யோசனை அவருடையதாம். வலது கையில் அவருக்கு மூன்று விரல். டம்ளரை அந்தக் கையில் பிடித்தபடி சொன்னார். "டீ குடிக்க மூணு போதுமுங்க. மிச்சம் ரெண்டும் சும்மா இருந்ததுங்க." எல்லோரும் சிரித்தார்கள்.

மத்தியானம் கவிதா கையுறையைக் கொண்டுவந்து காட்டினாள். இடது கை. நடுவிரல் நுனி வெட்டுப்பட்டிருந்தது. கத்தரித்த மாதிரி.

"பெரிய சைசுங்க மாமா. உள்ள வெரல் இல்ல. அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்கோ."

இன்று வகுப்பில் ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை.

ஐப்பசி 13, வெள்ளி

காலையில் டியூப்பை நானே அவிழ்த்தேன். செந்தில் வேலைக்குப் போகுமுன் பார்த்துவிட்டான்.

"ஏனுங்கப்பா, நாளைக்குப் பொழுதோட லோடு போகோணும். நீங்களா அடிச்சுத் தர்ரீங்க?"

"கை போயிருமடா."

"ஊரு பூரா இப்படித்தான் ஓடுது. உங்குளுக்கென்ன, உக்காந்து நோட்டு எழுதுறீங்க."

சுருக்கென்றது. கவிதா அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "கட்டாட்டி இன்னிக்கு முடியாதுங்க மாமா. முடியாட்டிக் கும்மி இல்லீங்க. எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு மணி நேரந்தானுங்க."

என் வகுப்பும் ஒரு மணி நேரம்தான். அதை யாராவது பிடுங்கினால்?

அப்போது தோன்றியதுதான். ரப்பர் வேண்டாம். இடது பொத்தானை நான் அழுத்துகிறேன். அவள் தகடு வைத்துக் கையை எடுத்து "ம்" என்று சொல்ல வேண்டியது. நான் அழுத்த வேண்டியது. ரப்பருக்குக் கண் இல்லை, எனக்கு இருக்கிறது. செந்திலும் சரி என்றான். சாயந்திரம் வரை வேலை செய்தோம். ம். டப். ம். டப். ஐந்தே முக்காலுக்கு முடித்துவிட்டாள். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே மைதானத்துக்கு ஓடினாள். எனக்கும் பெருமை. இந்த வீட்டில் நானும் ஒரு ஆள்.

படுத்த பிறகுதான் நினைத்தேன். இனி ஏதாவது ஆனால் ரப்பர் செய்தது ஆகாது. என் கை செய்ததாகும்.

ஐப்பசி 14, சனி

மழை பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு மணி வரை கரண்ட் இல்லை. அரை நாள் வேலை அப்படியே கிடந்தது. ஆறு மணிக்கு லோடு வண்டி. ஆறு மணிக்கே கடைசி ஒத்திகை, பச்சைச் சேலையில். இரண்டுக்கும் சேர்த்து ஓட்டினாள். சாப்பிடவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

ஐந்தரை இருக்கும். ம். டப். ம். டப். என் கைக்குப் பழகிவிட்டது, பார்க்காமலே அழுத்தியது. ஒரு தடவை "ம்" என்றாள். ஏனோ குனிந்து பார்த்தேன். அவள் இடது கை உள்ளேயே இருந்தது.

அழுத்தவில்லை.

அவள் கண் திறந்துதான் இருந்தது. மறுபடியும் "ம்" என்றாள். கை உள்ளேயே.

மெயின் சுவிட்சை இறக்கிவிட்டேன். மெஷின் சத்தம் அடங்கியதும் மேசையில் தலை சாய்த்துவிட்டாள். கூப்பிட்டேன், கேட்கவில்லை. அந்தக் கையை நானே எடுத்து வெளியே வைத்தேன். ஐந்து விரல். இரண்டு முறை எண்ணினேன்.

பச்சைச் சேலைப் பெண்கள் இரண்டு பேர் வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். "ஏனுங்க, கவிதா வர்லீங்களா? நேரமாச்சு." தூங்குகிறாள் என்றேன். "தூங்குறாளா, இன்னிக்கா?" என்று சிரித்துக்கொண்டே போனார்கள்.

எழுப்பினால் ஆடப் போவாள். அல்லது மெஷினைப் போடுவாள். எது என்று தெரியவில்லை. எழுப்பாவிட்டால் பேர் போகும். ஒரு மாதம் ஆசைப்பட்டது போகும். என்னோடு பேசமாட்டாள்.

எதிரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆறு அடித்துவிட்டது. லோடு வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது. பின்னாலேயே செந்திலின் பைக். கவிதா அசையவில்லை. தூக்கத்தில் வலது கை மட்டும் மேசையை அழுத்துகிறது, விடுகிறது, அழுத்துகிறது.