பதினாறாவது சொல்லுக்கு ஆள் கிடைத்துவிட்டது

என் விஜிக்கு,

இங்கிலீஷ் பரீட்சையை நேற்று எழுதிவிட்டேன்டி. வீட்டில் அவரிடம் சொன்னேன். "நல்லா எழுதினியா? சரி, குழம்ப சூடு பண்ணு" என்றார். உன்னிடம் சொன்னால்தான் எனக்குச் சொன்ன மாதிரி இருக்கும்.

மற்றவர்கள் படித்தாலும் புரியட்டும் என்று நம் கதையையும் எழுதுகிறேன். பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரே கட்டடத்தில் நாம் ஹவுஸ்கீப்பிங். நீ மூன்றாவது மாடி, நான் ஐந்தாவது. நாற்பது வயதில் தபால் வழியில் பி.ஏ. சேர்ந்து, எல்லாப் பேப்பரும் தேறி, இங்கிலீஷில் மட்டும் இரண்டு தடவை ஜோடியாகக் கோட்டை விட்டோம். இது கடைசி வாய்ப்பு. இதிலும் போனால் மூன்று வருஷப் படிப்பும் வீண்.

ஜீவனஹள்ளியிலிருந்து போகும் கம்பெனி வேன்தானே நமக்கு வகுப்பறை? டிராஃபிக் கூடக் கூட சந்தோஷப்பட்ட இரண்டு பேர் இந்த ஊரில் நாமாகத்தான் இருப்போம். இலக்கியச் சொற்கள் பதினாறு. மேம்பாலம் ஏறும்போது மனப்பாடமாக இருக்கும், இறங்கும்போது ஒன்றும் இருக்காது.

நீதான் வழி சொன்னாய். "அக்கா, ஒவ்வொண்ணுக்கும் நம்ம தெரு ஆளு ஒருத்தர மாட்டி விட்டுடலாம்."

நாலு தூறல் விழுந்தாலே "தெருவே முழுகிடுச்சு" என்கிற ரோசி அக்கா ஹைப்பர்போலி ஆனாள். தன் வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பார்க்காத பிளம்பர் குமார் ஐரனி. லேட்டாக ஓடி வருகிற உன்னைப் பார்த்து "ஏன் மேடம், நானூ மனுஷ்ய அல்வா?" என்று தினமும் கன்னடத்தில் கேட்பாரே வேன் டிரைவர் மஞ்சண்ணா, நானும் மனுஷன்தானே என்று! பதில் வேண்டாத கேள்வி, அதனால் அவர் ரெட்டரிக்கல் கொஸ்டின்.

மாதிரித் தேர்வில் ஹைப்பர்போலி என்று எழுத வேண்டிய இடத்தில் நான் "ரோசி அக்கா" என்று எழுதி வைத்தேன். திருத்திய இங்கிலீஷ் மேடம் சிவப்பு மையில் "யார் இந்த ரோசி?" என்று கேட்டிருந்தார். நீ சிரித்த சிரிப்பில் மஞ்சண்ணா வண்டியையே ஓரம் கட்டினார்.

எதையும் குறைத்தே சொல்கிற உனக்கு அண்டர்ஸ்டேட்மென்ட் என்று நான்தான் பெயர் வைத்தேன். போன மழைக்காலத்தில் போனில் சொன்னாய்: "லேசா ஜுரம்க்கா. திங்கக்கிழமை வந்துடறேன்." திங்கட்கிழமை நீ ஐ.சி.யு.வில் இருந்தாய். டெங்கு என்றார்கள். அந்த ஒரு நாளாவது கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கக் கூடாதா? ஆட்டோ வைத்துத் தூக்கிக்கொண்டு போயிருக்க மாட்டேனா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அப்புறம் படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். உன் வீட்டுக்காரர்தான் நம் நோட்டைக் கொண்டுவந்து, "அவ போயிட்டா, நீங்களாவது எழுதுங்கக்கா" என்றார். பிரித்தால் உன் கோழிக்கிறுக்கல். பதினைந்து சொல்லுக்குப் பக்கத்தில் பதினைந்து பெயர். பதினாறாவது அப்பாஸ்ட்ரஃபி மட்டும் காலி. எதிரில் இல்லாதவரை, செத்துப்போனவரைக்கூட, இருப்பது போலவே கூப்பிட்டுப் பேசுவது. "அப்படி யாருக்கா நம்ம தெருவுல பேசறாங்க? பைத்தியமா?" என்று நீதான் விட்டுவிட்டாய்.

நேற்று பேப்பரைப் பிரித்தால் அதேதான் கேள்வி! விளக்கம் தந்து சொந்த உதாரணம் எழுது என்று. விளக்கத்தை எழுதிவிட்டேன். உதாரணத்துக்கு ஆள் இல்லையே. பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே ஏதோ ஒரு வேன் ஹாரன் அடித்தது.

உனக்குத் தெரியாத ஒரு சங்கதி சொல்கிறேன். காலை ஆறரைக்கு வேன் வந்ததும் உன் சந்துப் பக்கம் திரும்பி நான் கத்துவேனே, அதை இன்னும் விடவில்லை. நீ போன மறுநாள் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் கூப்பிடுகிறேன். மஞ்சண்ணாவும் அரை நிமிஷம் நிறுத்திவிட்டுத்தான் எடுக்கிறார்.

பேனாவைத் திறந்து, உதாரணத்தை இங்கிலீஷில் எழுதினேன்: "விஜி, வேன் வந்துவிட்டது. ஓடி வா." ஒரு தப்பும் இல்லாமல் நான் எழுதிய வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். ஹாலை விட்டு வெளியே வரும்போது மனசு நிறைந்திருந்தது.

இந்தத் தடவை தேறிவிடுவேன், பார். பட்டம் வாங்கப் போகும்போது கையில் நம் நோட்டும் இருக்கும். காலியாக இருந்த இடத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். நாளைக்கும் ஆறரைக்குக் கூப்பிடுவேன். நீ வழக்கம்போல லேட்டாகவே வா.

கூடப் பிறக்காமல் கூடப் படித்த
உன் தனம் அக்கா