நாலு பத்துக்குப் போட்ட ஊசி

அன்பு மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரித்துத் தொடங்கத்தான் நினைத்தேன், கை வரவில்லை. தங்கச்சி போனில் பாதி அழுகையும் பாதி பேச்சுமாகச் சொல்லியிருப்பாள். முறையாக நானே எழுதுவது நல்லது. மெயில் வேண்டாம் என்றுதான் காகிதம்.

நீ நம் கம்பெனி வேலையை விடும் முன் மீட்டிங்கில் போட்ட சண்டை நினைவிருக்கும். தங்கச்சி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கான செயலியை ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஒரே நிரலாக எழுதி போனிலேயே நிறுவலாம். சிக்னல் இல்லாவிட்டாலும் பதிவு போனுக்குள் தங்கி, பிறகு தானே போய்ச் சேரும் என்றாய். பிரவுசரில் திறக்கும் இணையச் செயலியே போதும், எதையும் நிறுவ வேண்டாம், ஆறே வாரத்தில் முடியும் என்றேன் நான். பக்கத்தை மூடினால் போய்ச் சேராத பதிவு அழிந்துவிடும், அதிலேயே சிக்னல் இல்லாத நேரத்துக்குச் சேமிக்க வழி செய்கிறேன் என்று ஒரு மாதம் கேட்டாய். "ஆஸ்பத்திரி என்ன காட்டுக்குள்ளயா இருக்கு?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தேன்.

கீழ்த்தள வார்டில் சிக்னல் எடுப்பதில்லை. பத்து நாளைக்கு முன், மாலை நாலு பத்துக்கு, தங்கச்சி அங்கே ஒரு வயதான தையல்காரருக்கு வலி ஊசி போட்டாள். பதிவும் செய்தாளாம். பக்கம் சுற்றிக்கொண்டே நின்றிருக்கிறது. போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்பி, ஷிப்ட் முடிந்து கிளம்பிவிட்டாள். அடுத்து வந்த நர்ஸ் மேலே கணினியில் பார்த்தபோது ஊசி போட்டதாக இல்லை. அவளும் போட்டாள். ஏழு மணிக்கு அவர் மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் காலை, விசாரணைக்கு முன், தங்கச்சி நம் அலுவலகத்துக்கே வந்தாள். "அண்ணே, நான் அடிச்ச நேரம், மருந்து எல்லாம் இதுல அப்படியே நிக்குது. உங்களைத் தவிர யாரையும் நம்பல" என்று போனைக் கொடுத்தாள். அவளுக்கு டீ சொல்லிவிட்டு உள்ளே எடுத்துப்போனேன். சோதனைக்கு முன் திறந்திருக்கும் பக்கங்களை மூடுவது வழக்கம். மூடினேன். பிறகு தேடினால் ஒன்றும் இல்லை. இல்லாததை இருக்கிறது என்று எப்படி எழுதுவது? பதிவு செய்ததற்கு ஆதாரம் இல்லை என்று ஆஸ்பத்திரிக்கு அறிக்கை கொடுத்தேன்.

அவள் கத்தவில்லை. போனைத் தள்ளித் தள்ளித் தேடினாள். "வாசல்ல வரும்போதுகூட இருந்துச்சே அண்ணே" என்றாள். டீ ஆறிப்போயிருந்தது.

பதிவு செய்ய மறந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால், வேலையை விட்டு அனுப்புவதோடு முடித்துக்கொள்வதாக ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். இல்லையென்றால் போலீஸ்தான். அவள் மாட்டேன் என்கிறாள். அன்று மீட்டிங்கில் பேசியதை நீ வந்து சொல்வாயாம்.

வராதே. அங்கே புது வேலையில் இப்போதுதான் கால் ஊன்றியிருக்கிறாய். உனக்கு நற்சான்று எழுதியவன் நான். உன் மேலாளர் இன்னும் என்னோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார். சொல்லிக்காட்டுவதாக நினைக்காதே.

ஒரு வரிதான், மாப்பிள்ளை. கையெழுத்துப் போடச் சொல். உன் பேச்சை அவள் தட்டமாட்டாள். நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும். அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

இப்படிக்கு,
என்றும் உன் நன்மையையே நினைக்கும்
மச்சான்