முக்கொம்பில் விழுந்தபோது எடுத்த ஸ்கேன்

மஸ்கட்

அன்புள்ள அப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா சர்க்கரை மாத்திரையை வேளைக்குப் போடுகிறார்களா? போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வார்கள். அதனால் லீவில் ஊருக்கு வரும் என் அறைத்தோழி ஃபெமினாவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

பெரிதாக ஒன்றுமில்லை. தலைவலி விடவில்லை என்று, நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரிலேயே எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டேன். எடுத்தது என்னோடு வேலை செய்யும் வைஷ்ணவி. "என்னடி, தூங்கிட்டியா? குறட்டை இங்க வரைக்கும் கேக்குது" என்று மைக்கில் கேலி செய்துகொண்டே இருந்தாள். பாதியில் பேச்சு நின்றுவிட்டது. முடிந்ததும், "டாக்டர் பார்த்துட்டுச் சொல்வாரு. நல்லா தண்ணி குடிங்க" என்றாள். படத்தில் ஏதாவது தெரிந்தால் நான் நோயாளிகளிடம் சொல்வதும் அதேதான் அப்பா.

மூளையில் வலப்பக்கம் வெள்ளையாக ஒரு புள்ளி. பழைய படம் இருக்கிறதா என்று டாக்டர் கேட்கிறார். அன்றே இருந்து, இன்றுவரை வளராமல் இருந்தால் பயமில்லையாம். காலேஜ் படிக்கும்போது முக்கொம்பு அணைப் பூங்காவில் விழுந்து தலைக்கு ஸ்கேன் எடுத்தோமே, அந்த ஃபிலிம் பீரோ மேல் இருக்கும். கிரகணம் பார்க்கத் தம்பி அதில் ஒரு துண்டு வெட்டினான். அதையும் தேடுங்கள். அம்மா கேட்டால் விசா வேலைக்கு என்று சொல்லிவிடுங்கள்.

அறையில் ஏ.சி. குளிர்கிறது. அம்மாவின் பழைய நூல் புடவை ஒன்றும் வேண்டும்.

ஃபெமினா கிளம்பத் தயாராகிவிட்டாள். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புள்ளி இருந்தால் உடனே போன் செய்யுங்கள், ஸ்பீக்கரிலேயே சொல்லலாம். இல்லாவிட்டால் போன் வேண்டாம். ஃபெமினா திரும்பி வரும்போது ஃபிலிமை மட்டும் அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மகள்
பிரான்சி