இரண்டு காலுக்கு இரண்டு எண்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், உன் மகன் எங்களைவிட நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மட்டும்தான் போனில் சொன்னேன், நான் அடித்த கூத்தைச் சொல்லவில்லை. உன் அம்மா முந்திக்கொள்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன். பயலின் வளைந்த பாதத்தை நிமிர்த்தும்போது மயக்க மருந்தோடு, அந்த ஒரு காலை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசியும் போடுவோம் என்றார்கள் அல்லவா, நான் வேண்டவே வேண்டாம் என்றேன், மரத்த கால் மரத்தபடியே நின்றுவிட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன். நீதான் போனில் மல்லுக்கு நின்று சம்மதிக்க வைத்தாய். அதற்கு நன்றி மகளே, பெற்ற பெண்ணுக்கு நன்றி சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆபரேஷன் முடிந்து வெளியே கொண்டுவந்தபோது இரண்டு கெண்டைக்காலிலும் ஒவ்வொரு பட்டை ஒட்டியிருந்தது, தசையில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று காட்டுமாம். ஊசி போட்ட காலுக்கு எழுபத்தெட்டு, நல்ல காலுக்கு அறுபத்தொன்பது. முப்பது வருஷம் பாய்லர் ஓட்டியவன் நான், ஒரே பாய்லரில் இரண்டு மீட்டர் இரண்டு விதமாகக் காட்டினால் முதலில் நெருப்பை அணை என்பதுதான் எங்கள் பாடம். நல்ல கால் போச்சு, ஓடி வாங்க என்று நான் போட்ட சத்தத்தில் நர்ஸுகள் பதறி ஓடிவந்தார்கள். மயக்க மருந்து டாக்டரம்மா மட்டும் நிதானமாக வந்து, ஐயா, இந்தக் காலுக்கு ஒண்ணும் ஆகல, இது எப்பவும் போலத்தான் இருக்கு, ஊசி போட்ட கால்ல ரத்தக்குழாய் தளர்ந்து ரத்தம் தாராளமா வருது, அதான் அங்க ஆக்ஸிஜன் ஏறியிருக்கு, தொட்டுப் பாருங்க என்றார். தொட்டேன், ஊசி போட்ட கால்தான் கதகதப்பாக இருந்தது. உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். என்மேல் எரிந்து விழாத அந்த டாக்டரம்மா நூறு வயசு நன்றாக இருக்கட்டும்.

கண் விழித்த பயல் வலி என்று ஒரு முனகல்கூட இல்லாமல் பிஸ்கட் கேட்டான். ஆனாலும் கால்விரல் அசையவில்லை, சாயங்காலம்வரை ஆகும் என்றார்கள். கட்டுக்கு வெளியே தெரிந்த அந்த ஐந்து விரலையும் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணி வாக்கில் கட்டைவிரல் இலேசாகத் துடித்தது. தாத்தா, என் கால் வந்துடுச்சு என்றான். உன் அம்மா என்னைக் கேலி செய்யத்தான் திரும்பினாள், அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

நீ நோய்நொடியில்லாமல் நீடூழி வாழவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் வீடியோவில் போன் செய், விரலை ஆட்டிக் காட்ட வேண்டுமென்று காத்திருக்கிறான்.

இப்படிக்கு,
உன் அப்பா