முத்துக்கனியின் வாயருகே ஒரு காலிப் பலூன்

அன்புள்ள ரூபன் அண்ணனுக்கு,

கடலிலிருந்து கொண்டல் காற்று வீசத் தொடங்கிவிட்டது. நீ படம் போடும் மேஜையெல்லாம் உப்புப் பிசுபிசுப்பு. உன் ஆண்டு நினைவுத் திருப்பலிக்குக் கோயில் சாமியாரிடம் சொல்லியாயிற்று. அம்மா ஒருமாதிரி தேறி வருகிறாள். உன் பேரைச் சொன்னால் மட்டும் அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

ஒரு சங்கதி. நீ கடைசியாகப் போட்ட கார்ட்டூனை உன் நினைவு நாளில் வெளியிடப் பத்திரிகை ஆசிரியர் கேட்கிறார். கேமராக்காரர்கள் புடைசூழத் தலைவர் நிற்கிறார், சுவரோரம் ஒரு வீடில்லாத பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவள் வாயருகே வசனம் எழுதும் பலூன் காலி. உன் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே பலூனுக்குள் எழுதுவது என் வேலை. இந்தத் தடவை என்ன எழுதணும் என்று சொல்லாமலே போய்விட்டாயே.

"எங்களுக்கு எப்போ வீடு?" என்று எழுதிவிடலாம் என்றார் ஆசிரியர். எனக்கு மனம் ஒப்பவில்லை. உன் கடைசிப் படம் யாரோ சொன்ன வசனத்தோடு போவதா?

கோபித்துக்கொள்ளாதே, உன் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. வீடில்லாதவர்கள் என்றால் உங்கள் கார்ட்டூன்காரக் கூட்டத்துக்கு ஓர் அச்சு இருக்கிறது. ஒட்டுப்போட்ட துணி, ஒட்டிய கன்னம், பக்கத்தில் ஒரு நாய். தலைவரைக் குத்த அவர்கள் ஓர் ஊசி, அவ்வளவுதானே? கேட்டால், "பாத்த ஒடன புரியணும்லா, ஏளா" என்பாய்.

நீ யாரைப் பார்த்து வரைந்தாய் என்று எனக்குத் தெரியும். அதனால் படத்தை எடுத்துக்கொண்டு பீச் ரோட்டுக்குப் போனேன். மீன் கழுவும் வேலை முடிந்து, பூட்டிக் கிடக்கும் உப்பு மூட்டைக் கிட்டங்கிச் சுவரோரம் முத்துக்கனி இருந்தாள். வெள்ளத்தில் வாடகை வீடு இடிந்ததிலிருந்து அவளுக்கு அந்த இடம்தான். என்னைப் பார்த்ததும் தேர்தல் பிளெக்ஸ் ஒன்றை உதறி, தலைவர் முகம் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்து விரித்தாள்.

"மொகத்துமேல உக்காரப்படாதுல்லா. வாங்க, உக்காருங்க."

"இருக்கட்டும்" என்று நின்றபடியே படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இது நாந்தானா? தம்பி எஞ்சேலையில எதுக்கு ஒட்டு போட்டுருக்காவ? கட்சிக்காரவிய குடுத்த புதுச்சேலை ரெண்டு கெடக்கு. நாய் வேற! அது டீக்கடை அண்ணாச்சிது."

இந்தத் தலைவர் நிஜமாகவே உன் முன்னால் வந்து நின்றால் என்ன சொல்வாய் என்று கேட்டேன்.

"அதான் நீங்க வந்த ஒடனயே சொன்னேன்லா. வீட்டுக்கு வந்தவியள வாங்க, உக்காருங்கன்னுதான் சொல்லணும். ஆனா அவியளும் ஒங்கள மாதிரி நின்னுக்கிட்டேதான் போவாவ."

எனக்குச் சுருக்கென்றது. அவள் வீடு என்றுதான் சொன்னாள், அண்ணே. உடனே உட்கார்ந்தேன். உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். நீ வந்தால் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவளிடமே டீ வாங்கிக் குடிப்பாயாமே? அப்படி உட்கார்ந்தவன் படத்தில் ஏன் ஒட்டுப் போட்டாய்?

வீட்டுக்கு வந்து, பலூனில் என் கையாலேயே எழுதினேன்: "வாங்க, உக்காருங்க." சேலையின் இரண்டு ஒட்டுகளையும் வெள்ளை மையால் அழித்துவிட்டேன். நாயை மட்டும் விட்டுவைத்தேன், நீ ஆசையாகப் போட்ட நாய். "இதுல அரசியல் எங்கம்மா இருக்கு?" என்றார் ஆசிரியர். "அந்தத் தலைவர் இன்னும் நிக்கிறாரே, தெரியலையா சார்?" என்றேன். படத்தை வாங்கி மேஜைக்குள் வைத்துக்கொண்டு, போடுகிறேன் என்றார்.

அண்ணே, பத்திரிகை வந்ததும் முதல் பிரதி முத்துக்கனிக்குத்தான். நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அவள் "வாங்க" என்றதும் உட்காருவேன்.

உனக்காக எழுதியே பழகிய தங்கச்சி,
ஜெசிந்தா